மாட்டுங்கா காபியும் 146-உம்

ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் இட்லி, காபி முடித்து வரும் வழியில் மருந்துக் கடையில் சும்மா பிரஷர் பார்த்தேன். 146/94. வயது 47. தலைசுற்றல்கூட இல்லையே, மெஷின்தான் ரிப்பேர் என்று நினைத்தேன்.

மாடி வீட்டு டாக்டர் அக்காவிடம் சொன்னால், இதயத்தை விட்டுவிட்டு மூளையைப் பற்றிப் பேசுகிறார். மூளைக்குள் ஓடும் நூலிழை ரத்தக் குழாய்கள் வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கித் தடித்துவிடுமாம். சின்னச் சின்னச் சேதம், அப்புறம் மெல்ல மறதி. நடுவயதில் ஏறும் பிரஷர்தான் இதில் முக்கியமாம்.

2019-இல் வெளியான அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், பிரஷரின் மேல் அளவை (எனக்கு வந்த 146 போல) 140-க்குப் பதில் 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. (டிமென்ஷியா என்னும் மறதி நோயில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

நாளை காலை மறுபடி பார்க்க வேண்டும். வடுமாங்காய் ஜாடியை மனைவி ஏற்கெனவே ஒளித்துவிட்டாள்.