பாப்பாவின் காய்ச்சல் வாரம்

ஜூலை 9
மத்தியானத்திலிருந்தே உடம்பு அனலாகக் கொதித்தது. சாயங்காலம் என் மடியில் இருந்தவளுக்குத் திடீரென்று கண் மேலே செருகி, தாடை கிட்டித்து, கைகால் இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. அம்மா “ஜன்னிடா!” என்று இரும்புச் சாவியோடு ஓடிவந்தாள், பக்கத்து வீட்டு அக்கா ஸ்பூனோடு. என் மனைவிதான் வாயில் எதையும் வைக்கவிடாமல் தடுத்து, பாப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவள் தம்பிக்குச் சின்ன வயதில் இப்படி வந்ததைப் பார்த்தவள். இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கே எனக்கு உயிர் போய்விட்டது.

ஜூலை 10
டாக்டர் முதலில் கேட்டதே எவ்வளவு நேரம், இரண்டு பக்கமும் இழுத்ததா, அப்புறம் தெளிந்தாளா என்றுதான். ஆறு மாசத்திலிருந்து ஐந்து வயசுக்குள் 100-ல் 2 முதல் 5 குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு ஃபிட்ஸ் வருமாம், இரண்டு பக்கமும் இழுத்து, 15 நிமிஷத்துக்குள் அடங்கி, 24 மணி நேரத்தில் திரும்ப வராமல் இருந்தால் சாதாரண வகை, ஸ்கேனோ, மூளையின் மின்னலையைப் பதியும் ஈஈஜியோ வேண்டியதில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றதும் மனைவி தம்பி கதையைச் சொன்னாள். அது ஒரு காரணம்தானாம்.

கிருமி நுழைந்ததும் வெள்ளையணுக்கள் இன்டர்லூகின்-1 மாதிரி ரசாயனங்களை விடுகின்றன, அதனால் மூளையில் ப்ராஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற இன்னொரு ரசாயனம் ஊறி, சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் உடம்புச் சூட்டை ஏற்றிவிடுகிறது. அதாவது காய்ச்சலை உடம்பே வேண்டுமென்று மூட்டுகிறது. அதே இன்டர்லூகின் நரம்பணுக்களையும் சீண்டிவிடும் என்று விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இன்னும் முதிராத மூளை அதற்குச் சட்டென்று மசிந்துவிடுகிறது போல.

ஜூலை 11
வீட்டில் சண்டை. அம்மா மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரோடு எழுப்புகிறாள், 101 என்றால் உடனே பாராசிட்டமால் கேட்கிறாள். அந்த மருந்து ப்ராஸ்டாகிளாண்டினைக் குறைக்கும், பிள்ளை கொஞ்சம் சுகமாக இருப்பாள், ஆனால் அடுத்த ஃபிட்ஸைத் தடுக்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லியிருந்தார். பல நேரம் காய்ச்சல் இருப்பதே ஃபிட்ஸ் வந்த பிறகுதான் தெரியும், பிறகு எதைத் துரத்துவது? நான் தெர்மாமீட்டரை ஒளித்துவைத்துவிட்டேன். அம்மா பேசவில்லை.

ஜூலை 13
காய்ச்சல் விட்டது, விட்ட கையோடு நெஞ்சிலும் முதுகிலும் ரோஸ் நிறத்தில் பொடிப்பொடியாகத் தடிப்பு. அம்மை என்று அம்மா வேப்பிலை தேடக் கிளம்பிவிட்டாள். ரோசியோலா என்றார் டாக்டர், மனித ஹெர்பெஸ் வைரஸ்-6 தரும் நோய். இரண்டு வயசுக்குள் பெரும்பாலான குழந்தைகளைத் தொட்டுவிட்டுப் போகும், காய்ச்சல் ஃபிட்ஸுக்குப் பேர்போன வைரஸ். சரி, வேப்பிலையும் இருக்கட்டும், அம்மாவும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலை 15
மூன்றில் ஒரு பிள்ளைக்கு ஃபிட்ஸ் திரும்ப வரலாமாம். க்ரெஷ் டீச்சருக்குக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தேன்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வேண்டாம், நேரம் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் பையில் இருக்கும், ஃபிட்ஸை நிறுத்தும் மிடாசோலம் ஸ்ப்ரேயை மூக்கில் அடித்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். டீச்சர் இரண்டு தரம் படித்துவிட்டு, ஸ்ப்ரேயை எப்படிப் பிடிப்பது என்று செய்துகாட்டச் சொன்னார்.