படம் பிடித்த கை யாருடையது?

பழைய ஒளிப்படங்களைச் சேகரிக்கும் ஒருவருக்காக லண்டனில் வேலை பார்க்கிறேன். படங்களைத் தேடி வாங்குவதும், வந்தவற்றை ஆராய்ந்து பதிவேட்டில் ஏற்றுவதும் என் பொறுப்பு. விக்டோரியா மகாராணி காலத்தின் தொடக்கத்தில் பிரிட்டனில் எடுத்த மனித உருவப்படங்கள் மட்டும்தான் இந்தச் சேகரிப்பில் சேரும். பெரும்பாலானவை டாகெரோடைப் படங்கள், அதாவது பிரெஞ்சுக்காரரான டாகெர் கண்டுபிடித்த தொடக்ககால முறையில் எடுத்தவை. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி பூசிய செப்புத் தகடு, அதன்மேல் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே பித்தளைச் சட்டம், எல்லாவற்றையும் மூடிவைக்கத் தோல் ஒட்டிய சின்னப் பெட்டி. நேராகப் பிடித்தால் நம் முகம்தான் தெரியும். கொஞ்சம் சாய்த்தால் உள்ளேயிருந்து இன்னொருவர் எழுந்து வருவார். தினமும் பார்த்தும் எனக்கு இது அலுக்கவேயில்லை.

படத்தில் இருப்பவர் யார் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எடுத்தவர் யார் என்பதுதான் என் கவலை. பெட்டியில் பொறித்த பெயரையே எடுத்தவர் பெயராக எழுதிவிடும் வழக்கம் விற்பனைப் பட்டியல்களில் இன்றும் இருக்கிறது. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

ரிச்சர்ட் பியர்டையே எடுத்துக்கொள்வோம். நிலக்கரி வியாபாரி. 1841 மார்ச்சில், ரீஜன்ட் தெருவில் இருந்த ராயல் பாலிடெக்னிக் கட்டடத்தின் உச்சியில், பிரிட்டனின் முதல் உருவப்பட ஸ்டூடியோவைத் திறந்தார். நீலக் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் விழும். டாகெரோடைப் காப்புரிமையை வாங்கிக்கொண்டு ஊர் ஊராக உரிமம் விற்றார். படம் எடுத்ததோ அவர் வேலைக்கு வைத்திருந்த ஆட்கள். தகட்டில் புரோமின் ஆவியைச் சேர்த்து, படம் பதியும் நேரத்தைக் குறைத்தவர் ஜான் கொடார்டு. 1843 வாக்கில் அந்த ஸ்டூடியோவுக்குள் எடுத்த ஒரு படத்தில் ஜேபெஸ் ஹாக் என்ற இளைஞர் கையில் கடிகாரத்தோடு கேமரா அருகே நிற்கிறார். பின்னாளில் கண் மருத்துவரானவர். அன்றைய வெயிலுக்கு எத்தனை நொடி போதும், எப்போது மூட வேண்டும் என்று முடிவு செய்தது அவர் கண்தான். பெட்டியில் இருப்பது 'பியர்டு, காப்புரிமையாளர்' என்ற முத்திரை.

சரி, முத்திரையே இல்லாத தகடு கைக்கு வந்தால்? நான் முதலில் கோட்டுப் பொத்தானைப் பார்ப்பேன். டாகெரோடைப்பில் இடமும் வலமும் மாறித்தான் விழும். ஆண்களின் கோட்டு தப்பான பக்கம் மூடியிருக்கும், மோதிரம் மறு கைக்குப் போயிருக்கும். பியர்டின் ஸ்டூடியோவில் தொடக்கத்தில் இருந்த வால்காட் கேமராவில் லென்ஸ் கிடையாது, குழியாடிதான். அதில் உருவம் நேராகவே விழும், தகடும் சின்னது. ஆகவே, சின்னத் தகட்டில் பொத்தான் சரியான பக்கம் இருந்தால் நிமிர்ந்து உட்காருவேன். அதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. கேமராவுக்கு முன்னால் முப்பட்டகமோ முகம் பார்க்கும் கண்ணாடியோ வைத்து உருவத்தை நேராக்கியவர்களும் உண்டு.

அப்புறம் முகவரி. கிங் வில்லியம் தெரு என்று இருந்தால் அவசரப்படக் கூடாது. அந்தப் பெயரில் அப்போது லண்டனில் இரண்டு தெருக்கள். சிட்டி பகுதியில் உள்ளதில் 85ஆம் எண் பியர்டுடையது. ஸ்ட்ராண்ட் பக்கம் உள்ளதில் 18ஆம் எண், அவருடைய போட்டியாளர் அந்துவான் க்ளோடே இருந்த இடம். க்ளோடே பியர்டுக்கும் முன்பே டாகெரிடமிருந்து நேரடியாக உரிமம் வாங்கியவர். 1851இல் ரீஜன்ட் தெரு 107ஆம் எண்ணுக்குப் போய்விட்டார். பின்பக்கம் ஒட்டிய துண்டுச் சீட்டில் எந்த முகவரி இருக்கிறது என்பதே பல சமயம் ஆண்டைச் சொல்லிவிடும். க்ளோடே இறந்த மறு மாதமே, 1868 ஜனவரியில், அந்த ஸ்டூடியோ தீக்கிரையானது. அதனாலேயே வீடுகளில் தப்பிய ஒவ்வொரு சீட்டும் எனக்குப் பெரிது. படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பெட்டியைப் பிரித்து, சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, வேறு அழகான பெட்டியில் போட்டு விற்கிறார்கள். தகட்டைத் துணியால் துடைத்தால் படமே போய்விடும் என்பது தெரிந்தவர்கள்கூட இந்தச் சீட்டை மதிப்பதில்லை. பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பெயர் மறைவது லண்டன் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். எடின்பரோவில் 1843 முதல் ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் ராபர்ட் ஆடம்சனும் சேர்ந்து காகித நெகட்டிவில் படம் எடுத்தார்கள். நியூஹேவன் மீனவப் பெண்களின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கேமராவும் வேதியியலும் ஆடம்சன் கையில். 1848இல் 26 வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். நெடுங்காலம் ஹில் பெயர்தான் பேசப்பட்டது.

இதனால்தான் எங்கள் பதிவேட்டில் ஸ்டூடியோ உரிமையாளருக்கு ஒரு கட்டம், படம் பிடித்தவருக்குத் தனிக் கட்டம் என்று பிரித்துவிட்டேன். இரண்டாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. இது பார்க்க நன்றாக இல்லை, பியர்டு பெயரையே போட்டுவிடலாமே என்று சேகரிப்பாளர் கேட்டார். ஊர்ப் பத்திரிகை விளம்பரங்களிலும் வணிகக் கையேடுகளிலும் தேடி ஒரு பெயரையாவது கண்டுபிடிக்கும்வரை அந்தக் கட்டத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.