திருமலைச் சட்டத்தரணிக்கு ஒட்டாவா எவ்வளவு தூரம்

திருகோணமலையில் அப்புக்காத்து அரசியலுக்கு வருவது புதினமில்லை. 1977இல் இங்கிருந்து பாராளுமன்றம் போன இரா. சம்பந்தனும் சட்டத்தரணிதான். ஆனால் கனடாவுக்குக் குடிபெயர்ந்து ஒட்டாவாப் பாராளுமன்றத்தைக் குறிவைக்கும் சட்டத்தரணிக்குக் கறுப்புக் கோட்டு உடனே கைகொடுக்காது. ஹரி ஆனந்தசங்கரி 2015இல் எம்.பி. ஆனார், ஆனால் அவர் சிறுவயதில் போய் அங்கேயே சட்டம் படித்தவர். நடுவயதில் போகிறவரின் கணக்கு வேறு.

கடதாசி வேலையை இங்கேயே முடியுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தைப் படித்த இடமே, வெளிநாட்டுச் சட்டப் படிப்பை மதிப்பிடும் கனடாவின் என்.சி.ஏ. குழுவுக்கு நேரே அனுப்பவேண்டும். நீங்கள் கொண்டுபோனால் எடுபடாது. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் முழுதாக, பட்டத்தில் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். சத்தியக் கடதாசி முடித்துவிட்டுப் பறக்கலாம். இல்லாவிட்டால் ஊரிலுள்ள தம்பிதான் இரவு ரயிலேறிக் கொழும்பு புதுக்கடைச் சட்டக் கல்லூரிக்கு அலைவான்.

பிறகு குறைந்தது ஐந்து கனடியச் சட்டப் பாடங்கள். தேர்ச்சிக்கு 50 புள்ளி. ஒற்றையாட்சியில் வாதாடியவருக்கு மத்திக்கும் மாகாணத்துக்கும் அதிகாரம் பிரிக்கும் கனடாவின் 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் 91, 92ஆம் பிரிவுகள்தான் வழுக்கும். பதின்மூன்றாம் திருத்தத்தை மனதில் வைத்து மாகாண அதிகாரத்தை அளந்தால் விடை பிழைக்கும். ஒன்ராறியோவில் இதற்கு மேலும் இரண்டு பரீட்சைகள், பயிற்சிக்காலம்.

உரிமம் கிடைக்கட்டும், பிறகு அரசியல் என்று பலர் காத்திருக்கிறார்கள். அது தேவையில்லாத காத்திருப்பு. வேட்பாளருக்குக் குடியுரிமையும் 18 வயதும் போதும். தொகுதியில் குடியிருக்கவும் வேண்டாம். குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே தங்கியிருக்கவேண்டும். ஆனால் நிரந்தர வதிவுரிமையோடேயே பெரிய கட்சிகளில் சேரலாம். கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் உள்வாக்கெடுப்பில், போட்டி இருந்தால், யார் அதிக அங்கத்தவர்களைச் சேர்த்துக் கூட்டிவந்தார் என்பதே தீர்மானிக்கும். உண்மையான தேர்தல் அதுதான்.

வேட்புமனுவுக்குப் பெரும்பாலான தொகுதிகளில் 100 வாக்காளர் கையெழுத்து. 150 வாங்குங்கள்: குடியுரிமை இல்லாத மாமியும் பக்கத்துத் தொகுதி மச்சானும் ஆசையோடு போட்ட கையெழுத்துகள் கழிந்துவிடும். கடைப் பெயரிலோ கோயில் பெயரிலோ காசோலை வாங்கக்கூடாது. நன்கொடை தனியாளிடமிருந்தே வரவேண்டும். கைக்காசு ஒருவரிடம் 20 டொலருக்கு மேல் கூடாது. உண்டியல் குலுக்கிப் பழகிய ஊராருக்கு இதை விளங்கவைப்பதே பெரும்பாடு.

இலங்கைக் குடியுரிமையையும் வைத்திருக்க விரும்பினால் அதற்குத் தனி விண்ணப்பம் போடவேண்டும். போடாமல் கனடியக் குடியுரிமை எடுத்தால் அது போய்விடும். இரட்டைக் குடியுரிமை ஒட்டாவாவில் தடையில்லை. அவுஸ்திரேலியாவில் அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு மறிக்கும். திரும்பி வந்து திருமலையில் தேர்தல் கேட்கலாமென்றால், 2022இன் 21ஆம் திருத்தம் இங்கேயும் மறிக்கிறது.