தப்கோல் பூங்கா: கண்ணாடிக்குள் நிற்கும் கோபுரம்

சியோல் போகிறவர்கள் இன்சாதோங் கடைத்தெருவுக்கு நடக்கிற வழியில் தப்கோல் பூங்காவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் ஒரு மதியம் முழுக்க அங்கேயே இருந்தேன், அப்படியும் போதவில்லை.

1465-இல் சேஜோ மன்னர் இங்கே வொன்காக்சா என்ற பெரிய பௌத்தக் கோயிலைக் கட்டினார். அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்தவர், பின்னால் அந்தப் பையன் சாவதற்கும் காரணமானவர். பௌத்தத்தை ஒடுக்கிய அரசின் தலைநகரிலேயே கோயில் எழுப்ப அவருக்கு மனசு வந்ததில் அந்தப் பாவத்துக்கும் பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருடைய கொள்ளுப்பேரன் யொன்சான்குன் கோயிலை மூடி, அரசவை ஆடல்பாடல் பெண்களை அங்கே குடிவைத்தான். மிஞ்சியவற்றில் முக்கியமானவை 1467-இல் முடிந்த பத்து அடுக்குக் கோபுரமும், கல் ஆமை சுமக்கிற கல்வெட்டும்தான்.

கோபுரம் சுமார் 12 மீட்டர். கொரியாவில் கோபுரமென்றால் பெரும்பாலும் கருங்கல், இது அதைவிட மென்மையான பளிங்கு. அதனால்தான் மரக்கூரையின் ஓட்டு வரிசை, கூரையைத் தாங்கும் கட்டைகள் வரை கல்லிலேயே செதுக்க முடிந்திருக்கிறது. அடிப்பகுதியில் யாளி மாதிரி சிங்கங்கள், டிராகன்கள், அப்புறம் சீனக் கதைகளில் வருகிற குரங்குச் சீடனோடு பயணம் போகும் ஒரு துறவி. நம் காஞ்சிபுரம் வரை வந்த யுவான் சுவாங்தான் அவர்! அதைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்து நகரவே முடியவில்லை. மேல் மூன்று அடுக்குகள் வெகுகாலம் தரையில் கிடந்து, 1946-இல்தான் மறுபடி மேலே ஏறின. புறா எச்சமும் மழையும் பளிங்கை அரிப்பதால் இப்போது முழுக்கக் கண்ணாடிக் கூண்டு. தேவைதான், மறுக்கவில்லை, ஆனால் சிற்பத்தைப் பார்க்கப் போனால் எதிர்க் கட்டடங்களும் நம் முகமும்தான் முதலில் தெரிகின்றன.

பூங்கா உருவானது 1890-களில். 1919 மார்ச் 1 அன்று, ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுதலை கேட்கும் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 தலைவர்கள் இங்கே வருவதாக இருந்து, கலவரமாகிவிடும் என்று பயந்து பக்கத்து உணவகத்துக்கு இடம் மாற்றிக்கொண்டார்கள். காத்திருந்த மாணவர்கள் கலைந்து போகவில்லை. ஓர் இளைஞர் எண்கோண மண்டபத்தில் ஏறிப் பிரகடனத்தை வாசித்தார், கூட்டம் தெருவில் இறங்கியது. அதற்குப் பின் நாடெங்கும் நடந்தவை சுவரோரம் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. ஜெயாம்ரி கிராமத்தில் ஜப்பானியப் படையினர் ஆட்களைத் தேவாலயத்துக்குள் அடைத்துச் சுட்டு, தீ வைத்ததைக் காட்டும் பலகை முன்னால் தயவுசெய்து கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

போவதென்றால் மேகமூட்டமான நாளில் போங்கள், கண்ணாடியில் பளபளப்பு குறையும். இந்தக் கோபுரத்துக்கு முன்மாதிரியான கியோங்சோன்சா கோபுரம், 1348-இல் கட்டியது, சியோலிலேயே யோங்சான் பகுதியிலுள்ள தேசிய அருங்காட்சியகக் கூடத்தில் கூண்டில்லாமல் நிற்கிறது. மாடியிலிருந்து மேல் அடுக்குகளை நேருக்கு நேர் பார்க்கலாம், அதையும் விட்டுவிடாதீர்கள்.