ப்ராங்கோஸ்கோபி அறைக்குள் தவறுவது எங்கே

மூச்சுக்குழாய்க்குள் விட்டு நுரையீரலின் உள்ளே பார்க்கும் வளையும் கருவியான ப்ராங்கோஸ்கோப்பைப் பார்த்து நோயாளி பயப்படுவது அந்தக் கறுப்புக் குழாய்க்குத்தான். செய்பவர்கள் பயப்பட வேண்டியவை வேறு: ஆக்ஸிஜன் இறங்குவது, மரப்பு மருந்து கூடிப்போவது, சதைத்துணுக்கு எடுத்தபின் வரும் இரத்தம்.

சளியில் காசநோய்க் கிருமி கிடைக்காதபோது, இருமலில் இரத்தம் வரும்போது, நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிப்போய்த் திறக்காதபோது இந்தப் பரிசோதனை கேட்கப்படுகிறது. திட உணவை 6 மணி நேரமும் தண்ணீரை 2 மணி நேரமும் முன்பே நிறுத்த வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சதை எடுப்பதாக இருந்தால், இதய மருத்துவரைக் கேட்டு 7 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடரலாம்.

மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிலோவுக்கு 8 மில்லிகிராம் உச்சவரம்பு என்று வைத்தால், 50 கிலோ எடையுள்ளவருக்கு 400 மில்லிகிராம். மூக்கில் தடவும் 2 சதவீத ஜெல் 5 மில்லி என்றால் அதிலேயே 100 போய்விட்டது (இதை யாரும் எழுதி வைப்பதில்லை). தொண்டைக்கு 10 சதவீத ஸ்பிரே பத்து முறை, இன்னொரு 100. குரல் நாணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் மிச்சம் 200, அதாவது 1 சதவீதக் கரைசலில் 20 மில்லி. இருமலை அடக்க 1 சதவீதமே போதும். வயதானவர், கல்லீரல் அல்லது இதயம் பலவீனமானவர் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். உதடு மரத்துப்போவது, காதில் இரைச்சல், பிதற்றல் ஆகியவை வலிப்புக்கு முன் வரும் அறிகுறிகள். மயக்கத்துக்கு ஊசி போட்டிருந்தால் இவை வெளியே தெரியாமலும் போகலாம்.

கழுவுநீர் எடுப்பதும் (நுரையீரலுக்குள் சலைன் விட்டுத் திரும்ப உறிஞ்சிச் சோதிப்பது) சதை எடுப்பதும் இருந்தால் கழுவுநீர்தான் முதலில். இரத்தம் கலந்தால் செல் எண்ணிக்கை பாழ். படுத்திருப்பவருக்கு வலது நுரையீரலின் நடுமடலில் குழாயை இறுக்கமாகப் பொருத்தி, சலைனை ஒவ்வொரு முறையும் 20 முதல் 60 மில்லி வரை எனப் பகுதி பகுதியாகச் செலுத்தி மெதுவாக உறிஞ்ச வேண்டும். வேகமாக உறிஞ்சினால் சிறுகுழாயின் சுவர் ஒட்டிக்கொள்ளும், திரும்பி வரும் நீர் குறையும்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சுக்குழாயில் போட்டிருக்கும் டியூபின் உள்விட்டம் ஸ்கோப்பைவிட 2 மில்லிமீட்டராவது கூடுதலாக வேண்டும். பெரியவர்களுக்கு 8 எண் டியூப் இருந்தால் நிம்மதி. ஆக்ஸிஜனை முன்பே 100 சதவீதமாக்கிவிடுங்கள். உறிஞ்சும்போது சளியோடு காற்றும் போகிறது. சில விநாடிகளுக்கு மேல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

இரத்தம் வந்தால் கை பதறி ஸ்கோப்பை வெளியே இழுப்பதுதான் மோசமான தவறு. இரத்தம் வரும் கிளையிலேயே அடைத்து நிறுத்தி, குளிர்ந்த சலைன் செலுத்தி, அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு நோயாளியைச் சாய்க்க வேண்டும். மறுபக்க நுரையீரலைக் காப்பாற்றத்தான் இது.

முடிந்தபின் தொண்டை மரப்பு தெளியும்வரை, சுமார் 2 மணி நேரம், தண்ணீர்கூட வேண்டாம். கழுவுநீர் எடுத்த அன்றிரவு வரும் காய்ச்சல் பெரும்பாலும் தானே தணியும். சதை எடுத்தவருக்கு நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வந்தால் அது வேறு கதை: உடனே எக்ஸ்ரே, நுரையீரல் உறையில் காற்று புகுந்திருக்கிறதா என்று.