பச்சைப் புத்தகத்துக்குக் காக்கி அட்டை: பயண உதவிக் குறிப்பேடு

நவம்பர் 17, 2025, திங்கள்

எச்.ஐ.வி. உள்ளவரை பஸ்ஸில் காட்டிக்கொடுப்பது முகமோ உடம்போ அல்ல, பையிலிருக்கும் பொருள்கள்தான். முதலாவது மாத்திரை டப்பா. எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த டி.எல்.டி., ஒரு டப்பாவில் 30 மாத்திரை, நாளுக்கு ஒன்று. உடல்நிலை சீராக உள்ளவருக்கு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் மூன்று டப்பா. வண்டி பள்ளத்தில் இறங்கினால் மூன்றும் கிலுகிலுவென்று குலுங்கும். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

இதற்குப் பயந்து மாத்திரைகளைப் பாலிதீன் பையில் கொட்டி முடிச்சுப் போடுகிறவர்கள் நிறைய. கெடுவது அங்கேதான். டப்பாவுக்குள் கிடக்கும் சின்னக் குப்பி ஈரத்தை இழுத்துக்கொள்வதற்காக வைத்தது. பாலிதீன் பையில் அது இல்லை.

சீல் உடைக்காத டப்பா என்றால் ஒவ்வொன்றையும் ஒரு துண்டில் இறுக்கிச் சுற்றித் துணிகளுக்கு நடுவே படுக்க வையுங்கள். பிரித்த டப்பா என்றால் மேலே உள்ள காலி இடத்தில் உலர்ந்த பஞ்சை அடைத்து மூடுங்கள். வீடு சேர்ந்ததும் பஞ்சை எடுத்துவிட வேண்டும், அதுவே ஈரம் பிடிக்கும். லேபிளைக் கிழிக்காதீர்கள், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கின்றன. மேலே வெள்ளைத்தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டால் போதும். பஸ் டிக்கியிலும் இன்ஜின் பக்கத்திலும் வைக்க வேண்டாம், மாத்திரை தாங்கும் 30 டிகிரியோடு அங்கே மதியச் சூடு நிற்காது.

இரண்டாவது பச்சைப் புத்தகம், எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம் நோயாளியிடம் கொடுக்கும் சிகிச்சைக் குறிப்பேடு. அதற்கு, பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுகிற அதே காக்கி அட்டை. வேறு தந்திரம் எதுவும் வேண்டாம்.

நவம்பர் 19, புதன்

ரயில் சலுகை. ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போய்வர இரண்டாம் வகுப்பில் 50 சதவீதம். 2020 மார்ச்சில் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் 11 வகை நோயாளிகளுக்கு உள்ளவை தொடர்ந்தன; இதுவும் அவற்றில் ஒன்று. கழிவு அடிப்படைக் கட்டணத்தில் மட்டும். முன்பதிவுக் கட்டணமும் அதிவிரைவுக் கட்டணமும் முழுதாகக் கட்ட வேண்டும். துணைக்கு வருகிறவருக்குச் சலுகை கிடையாது.

மையத்தின் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சான்றிதழோடு கவுன்டருக்கு நேரில் போக வேண்டும். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. படிவத்தில் நோயின் பெயர் அச்சாகியிருக்கும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர் அதை உரக்கப் படித்தால் பின்னால் நிற்கும் இருபது பேருக்கும் கேட்கும்.

செய்ய வேண்டியது: தட்கல் நெரிசல் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும். அது அடங்கி 12 மணிக்கு மேல் போங்கள். சான்றிதழையும் நகலையும் மடித்து, முன்பதிவுப் படிவத்துக்கு அடியில் வைத்து நீட்டுங்கள். "மருத்துவச் சலுகை சார், உள்ளே இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். உரக்கக் கேட்டால், "எழுதியிருக்கு, படிச்சுக்கோங்க சார்."

ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு இது கட்டுப்படியாகாது என்பது எங்கள் அபிப்பிராயம். மிச்சமாவது ஒரு டீக்காசு, போவது ரகசியம். தூரப் பயணம் என்றால் கணக்கு வேறு. சில மாநிலங்களின் பஸ் சலுகை அட்டைக்கும் இதே யோசனைதான்: அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நவம்பர் 24, திங்கள்

சட்டம். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. பிரிவு 3 பொதுமக்களுக்கான சேவைகளை மறுப்பதையும், நடமாடும் உரிமையை மறுப்பதையும், தனியே ஒதுக்கி வைப்பதையும் தடுக்கிறது. அரசு பஸ், தனியார் பஸ், ஆட்டோ எதற்கும் விலக்கு இல்லை. "கடைசி சீட்டுக்குப் போ" என்பதும் ஒதுக்கல்தான். நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

ஆனால் பாகுபாடு காட்டிய கண்டக்டருக்கு நேராகச் சிறை என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். புகார் மாநில ஆம்புட்ஸ்மேனுக்குப் போகும், இந்தச் சட்டப்படி மாநில அரசு நியமிக்கும் குறைதீர் அதிகாரி அவர். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். 30 நாளுக்குள் உத்தரவு. மருத்துவ அவசரம் என்றால் 24 மணி நேரம். உத்தரவை மீறினால்தான் அபராதம்: 10,000 ரூபாய் வரை, தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 5,000 வரை. வெறுப்பைத் தூண்டும்படி எழுதினாலோ பேசினாலோ கதை வேறு, 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை.

நவம்பர் 28, வெள்ளி

நோயைக் காரணம் காட்டி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டால் அந்த இடத்தில் வாக்குவாதம் வேண்டாம். கூட்டம் கூடினால் அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். டிக்கெட்டை மட்டும் விடாதீர்கள். மெஷின் டிக்கெட்டில் தேதி, நேரம், எங்கிருந்து எங்கே என்று எல்லாம் இருக்கும். அது வெப்பத்தாள், சட்டைப்பையில் வியர்வை பட்டால் சில நாளில் வெளிறி வெற்றுத்தாளாகிவிடும். அன்றைக்கே போட்டோ எடுங்கள். பஸ்ஸின் பதிவு எண், இறக்கிவிட்ட நிறுத்தம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் என்றால் ரயில்வே உதவி எண் 139. பி.என்.ஆர்., பெட்டி, இருக்கை எண், "பரிசோதகர் அவமரியாதையாக நடந்தார்" என்பதோடு நிறுத்துங்கள். நோயின் பெயரை அங்கே எழுதத் தேவையில்லை. எழுதினால் எத்தனை மேசை தாண்டிப் போகுமோ. விவரமெல்லாம் ஆம்புட்ஸ்மேன் புகாரில். யோசனை கேட்க, கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண் 1097.

டிசம்பர் 1, திங்கள்

எய்ட்ஸ் தினம். பஸ் நிலையங்களில் சிவப்பு ரிப்பன். கண்டக்டர்களின் பயத்துக்குப் பதில் சொல்வார் குறைவு. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ரத்தம் பட்டா?"

காயமில்லாத தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் முடிந்தது. வெட்டுக்காயத்திலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். காயத்தைப் பிதுக்கக் கூடாது, பிளீச்சிங் போடக் கூடாது. உடனே அரசு மருத்துவமனை. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். சீட்டில் சிந்திய ரத்தத்தின் மேல் பழந்துணியைப் போட்டு, 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டு, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும்.

யாருடைய ரத்தமாக இருந்தாலும் இதே முறைதான். அதனால் யாருக்கு என்ன நோய் என்று கண்டக்டர் கேட்க வேண்டிய தேவையே இல்லை. டிப்போக்களில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: முதலுதவிப் பெட்டியில் கையுறை இருக்கிறதா? பல வண்டிகளில் அந்தப் பெட்டியில் இருப்பது சில்லறைப் பை.