ரெப் வேலையிலிருந்து டெஸ்டிங்குக்கு: ஆஃபர் லெட்டரில் நான் கவனிக்காமல் விட்ட வரி

மெடிக்கல் ரெப் வேலையை விட்டுவிட்டு சாஃப்ட்வேர் டெஸ்டிங் பக்கம் வரலாமா என்று கேட்டுப் பழைய நண்பர்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். சம்பளம், கோர்ஸ், எத்தனை மாதம் ஆகும் என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள்: "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி தனியா உட்கார முடியுதா?"

2022-ல் எனக்கும் இதே பயம்தான். ஆறு வருடம் கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில் என்று பைக்கில் சுற்றியவன் நான். தினமும் பத்து டாக்டர், நாலைந்து மெடிக்கல் ஷாப். டாக்டர் உள்ளே கூப்பிடும்வரை மற்ற கம்பெனி ரெப்களோடு வாசலில் நின்று பேசிய பேச்சுதான் எனக்குப் பாதிச் சம்பளம். முதுகுவலி வந்து, பைக்கைக் குறைக்காவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

கோர்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் நாலு மாதம் படித்தேன். நேரடி வகுப்பு என்று பணம் வாங்கிக்கொண்டு ரெக்கார்ட் செய்த வீடியோவைக் கொடுத்தார்கள். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து போய் நின்றதும் வகுப்பு எடுத்தார்கள். தனியாகப் போயிருந்தால் நடந்திருக்காது. டெஸ்டிங் வேலைக்கான சான்றிதழ் தேர்வான ஐ.எஸ்.டி.க்யூ.பி. ஃபவுண்டேஷன் எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: 40 கேள்வி, 26 சரியாக இருந்தால் பாஸ், நேரம் 60 நிமிடம். ஆனால் ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்குக் கூடுதலாக 15 நிமிடம் உண்டு. பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, கடைசி ஐந்து கேள்வியை அவசரத்தில்தான் போட்டேன்.

ஆஃபர் கிடைத்த பிறகுதான் உண்மையான அலைச்சல். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு, அதாவது நாம் சொன்ன பழைய வேலை உண்மைதானா என்று சரிபார்க்க, பழைய கம்பெனி நம்மை விடுவித்ததாகக் கொடுக்கும் ரிலீவிங் லெட்டர் வேண்டும் என்றார்கள். என்னிடம் ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயில் மட்டும்தான் இருந்தது. போன் செய்தால், "டேப் திருப்பித் தரலைன்னு சிஸ்டம்ல இருக்கு" என்கிறார்கள். கம்பெனி கொடுத்த டேப்லெட்டைத்தான் டேப் என்கிறார்கள். அதை, பையை, மிச்சமிருந்த சாம்பிளை எல்லாம் ஏரியா மேனேஜரிடம் கையில் கொடுத்திருந்தேன். கையெழுத்து வாங்கவில்லை. அவரும் அதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டார்.

நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னையில் இருந்த பழைய கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். அன்று இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகத்துக்குப் பூட்டு. ஒரு போன் செய்து கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த வாரம் மறுபடி போனால், அங்கே இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே "ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க சார், இங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். ஆறு வருடம் டார்கெட் அடித்துக் கொடுத்த கம்பெனியில் எனக்கு ஒரு நாற்காலி போட ஆள் இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கடைசி நாளன்று சாத்தூர் டீக்கடையில் எடுத்த படம். மேனேஜர் என் தோளில் கை போட்டிருக்கிறார். அவரது இன்னொரு கையில் என் டேப், பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர் நம்பரோடு. அந்தப் படத்தைத் தேதி தெரியும்படி ஹெட் ஆபீஸுக்கு அனுப்பினேன். ஒன்பதாவது நாள் லெட்டர் வந்தது.

பி.எஃப். கணக்கில் இன்னொரு சிக்கல். பழைய கம்பெனி நான் விலகிய தேதியைப் போடவே இல்லை. இதற்கு யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால், யு.ஏ.என். (நம் பி.எஃப். எண்) போர்ட்டலில் 'மேனேஜ்' என்பதற்குள் 'மார்க் எக்ஸிட்' போய் நாமே தேதியைப் போடலாம். ஆதாரோடு இணைத்த மொபைல் நம்பர் கையில் இருக்க வேண்டும். தேதி, கடைசிப் பணம் கட்டிய அதே மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை பதிவானால் மாற்றுவது சுலபமில்லை, அதனால் இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இத்தனை காகிதத்தைத் துரத்தியவன், கையில் இருந்த ஆஃபர் லெட்டரை ஒழுங்காகப் படிக்கவில்லை. இன்டர்வியூவில் "சென்னை ஆபீஸ், ஹைபிரிட்" என்று, அதாவது சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்று வாயால் சொன்னார்கள். லெட்டரில் வேலை இடம் என்ற வரியில் 'ரிமோட்', அதாவது முழுக்க வீட்டிலிருந்தே, என்று இருந்தது. ஷிப்ட் மதியம் 2 முதல் இரவு 11. வேலை கிடைத்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தனிமையைப் பற்றி அவ்வளவு பயந்த நான், அதை முடிவு செய்கிற ஒரே வரியைப் பார்க்காமல் விட்டேன்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறையிலேயே வேலை. டீம் மொத்தம் ஒன்பது பேர், ஒன்பது பேரும் வேறு வேறு ஊர். அமெரிக்காவில் காலை 10 மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங் (யார் என்ன செய்கிறோம் என்று தினமும் சொல்லும் சின்னக் கூட்டம்), நமக்கு இரவு ஏழரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் எட்டரை ஆகிவிட்டது. பதினைந்து நிமிடம், கேமரா அணைத்துத்தான் இருக்கும். நான் சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம்.

கஷ்டம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வதில் இல்லை, அந்த ஷிப்டில் இருந்தது. எங்கள் ஊர் ஹாக்கி ஊர். பள்ளிக்கூடத்திலிருந்தே சாயங்காலம் ஐந்து மணி என்றால் மைதானத்தில் இருப்பேன். நண்பர்கள் ஓய்வாக இருக்கும் நேரம் முழுக்க நான் லாகின் செய்திருந்தேன். நான் ஓய்வாக இருந்த காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். இரவு 11 மணிக்குக் கீழே இறங்கினால் அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கியிருப்பார்.

ஒரு நாள் அம்மா மதுரைக்குப் போயிருந்தார். சாயங்காலம் சிலிண்டர் கொண்டுவந்த அண்ணன் ஓடிபி கேட்டார். நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தேன், தொண்டை அடைத்து வெறும் காற்றுதான் வந்தது. கனைத்துவிட்டு மறுபடி சொன்னேன். அன்று எழுந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் போன பிறகு கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஒரு காலத்தில் மதியத்துக்குள் தொண்டை கட்டும் அளவுக்குப் பேசியவன்.

டெஸ்டிங் வேலையில் இன்னொன்றும் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அடுத்தவர் செய்ததில் குறை இருக்கிறது என்று சொல்வதுதான் நம் வேலை. முகம் பார்க்காமல் அதை எழுத்தில் மட்டும் சொன்னால் புண்படும், புண்படுத்தும். ஹைதராபாத் டெவலப்பர் ஒருவர் நான் பதிவு செய்யும் குறைகளையெல்லாம் 'நாட் எ பக்' (இது பிழையே இல்லை) என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். மூன்று மாதம் மனதுக்குள் அவரோடு சண்டை. ஒரு நாள் பழைய ரெப் புத்தி வந்து, குறையைப் பதிவு செய்யும் டிக்கெட்டில் பதில் எழுதாமல் நேரடியாகக் கால் போட்டேன். கேமராவையும் போட்டேன். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கிரீனைக் காட்டியதும், "ஓ, இது மொபைல்ல மட்டும் வருதா, நான் லேப்டாப்ல மட்டும்தான் பார்த்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிந்தது. அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவையாவது பேசுவோம்.

அந்தத் தைரியத்தில் மேனேஜரிடம் ஷிப்ட் மாற்றம் கேட்டேன். எச்.ஆர். முடியாது என்று ஒரே வரியில் மெயில் போட்டார்கள். ஆனால் மேனேஜர் தன் பொறுப்பில் செவ்வாய், வியாழன் மட்டும் காலை 8 முதல் 5 வரை பார்க்கச் சொன்னார். ஸ்டாண்ட்-அப்புக்கு எழுத்தில் அப்டேட் போட்டால் போதும் என்றார். முதல் செவ்வாய்க்கிழமை ஹாக்கி மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனபோது, "எங்கய்யா போன இத்தன நாளா?" என்று கேட்டார்கள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

2024 தொடக்கத்தில் கோவை சரவணம்பட்டியில் வேறு கம்பெனிக்கு மாறினேன். இந்தத் தடவை கடைசி ரவுண்டில் நானே மூன்று கேள்வி கேட்டேன். டீமில் எத்தனை பேர் இதே அலுவலகத்தில் உட்காருவார்கள்? லாகின் நேரம் என்ன? தினமும் நான் யாரோடு பேச வேண்டியிருக்கும்? கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. இன்டர்வியூ எடுத்தவர் சிரித்துவிட்டு, ஆறு பேர் ஒரே வரிசை என்றார். வாரம் 3 நாள் ஆபீஸ் என்பதை லெட்டரில் எழுதி வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு ஆறு டப்பாவும் ஒரே மேசையில் திறக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டர் வேலையும் ஒன்றல்ல. எந்த டூல் கற்றுக்கொள்கிறீர்கள் என்பதற்கு முன்னால், யாரோடு எந்த நேரத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

போன வாரம் என்னோடு சாத்தூர் ஏரியா பார்த்த நண்பனுக்கு ஆஃபர் வந்தது. ஊருக்குப் போயிருந்தபோது அதே டீக்கடையில் உட்கார்ந்து லெட்டரை வரிவரியாகப் படித்தோம். மூன்றாம் பக்கத்தில் வேலை இடம் காலியாக இருந்தது. அங்கேயே எச்.ஆருக்கு மெயில் போட வைத்தேன். செவ்வாய்க்கிழமை திருத்திய லெட்டர் வந்துவிட்டதாம்: சென்னை அலுவலகம், வாரம் 3 நாள், காலை 10 முதல் 7. அப்புறம் அவனுடைய டேப்பையும் பையையும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஒப்படைத்திருக்கிறான்.